பெருக்கி வைத்த வீடு

சேலத்திலிருந்து நாமக்கல் வரை பரந்து கிடக்கும் இந்தச் சமவெளியில், ஆண்டின் சில பருவங்களில் மாலை அணிந்த மனிதர்களை ஊர்தோறும் காணலாம். கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு விரதம் இருப்போர். தை மாதத்தில் எடப்பாடிப் பக்கத்திலிருந்து பழனிக்குக் காவடி சுமப்போர். ஆவணியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகப் புறப்படும் நம் பங்கு மக்கள். சமயம் வேறு, பாதை வேறு. ஆயினும் அந்த விரத நாள்களில் ஒரு மாற்றம் எல்லா இல்லங்களிலும் ஒன்றுபோலவே நிகழ்கிறது. குடித்துவந்தவர் குடிப்பதில்லை. கடுஞ்சொல் பேசியவர் பேசுவதில்லை. மாலையில் தந்தையின் காலடியோசை கேட்டால் பின்கட்டுக்கு ஓடிய குழந்தை, அந்நாள்களில் வாசலுக்கு ஓடி வருகிறது.

பிறகு பயணம் முடிகிறது. மாலை கழற்றப்படுகிறது. பல வீடுகளில், கழற்றிய அன்றைக்கே அவர் மீண்டும் மதுக்கடையில் நிற்கிறார்.

இதைப் பார்க்கும் நமக்கு இரண்டு எண்ணங்கள் தோன்றுகின்றன. இத்தனை நாள் நாம் கண்டது வெறும் வேடம் என்பது ஒன்று. அவர் உண்மையாகவே வளர்ந்தார், இப்போது அந்த வளர்ச்சியை இழந்துவிட்டார் என்பது மற்றொன்று. எது சரி? மனிதன் தன் உள்வளர்ச்சியில் பின்னோக்கிச் செல்ல முடியுமா? ஏறிய படியிலிருந்து இறங்கினால், ஏறியதே இல்லை என்று ஆகிவிடுமா?

இக்கேள்விக்கு விடை தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. ஒரு மாவட்டமே மாலை அணிந்து, பின்பு கழற்றிய வரலாறு நம் மண்ணிலேயே நிகழ்ந்திருக்கிறது.

புதுப்பாளையத்தில் தொடங்கியது

1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், சென்னை மாகாணத்தில் சேலம் மாவட்டத்தில் மட்டும் மதுவிலக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்களின் நிலப்பரப்பை உள்ளடக்கியிருந்தது. ஒரு நாள் காலையில், ஓசூர்ப் பீடபூமியிலிருந்து காவிரிக்கரை வரை கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. அப்போது சேலம் மறைமாவட்டம் உருவாகி ஏழு ஆண்டுகளே ஆகியிருந்தன.

மாகாணத்தின் முதலமைச்சராக அந்த ஆண்டு ஜூலையில் பொறுப்பேற்ற இராஜாஜி, முதற் சோதனைக்குத் தம் சொந்த மாவட்டத்தையே தேர்ந்தார். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர். சேலத்தில் வழக்குரைஞராகப் பெயர் பெற்றவர். 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். எனினும் சட்டம் 1937இல் திடீரென வானிலிருந்து இறங்கியதாக எண்ணுவது தவறு. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1925இல், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் அவர் காந்தி ஆசிரமத்தை நிறுவியிருந்தார். கதர் நூற்பு, நெசவு, மருத்துவ உதவி, ஒடுக்கப்பட்ட மக்களிடையே தொண்டு ஆகியவற்றோடு குடியை விடுவிக்கும் பணியும் அங்கே நடந்தது. 1929இல் மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்னும் இதழை அவர் அங்கிருந்து வெளியிட்டார். பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற கல்கி அவ்விதழில் அவருக்குத் துணையாசிரியராக இருந்தார். கதையாலும் படத்தாலும் பாட்டாலும் குடிப்பவரின் மனத்தைத் தொட முயன்ற இதழ் அது. குறுகிய காலமே வெளிவந்தது. ஆனால் கடையைப் பூட்டுமுன் மனத்தைத் திறக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது.

அன்றைய உலகச் சூழ்நிலையையும் நினைவில் கொள்வோம். 1920இல் நாடு முழுவதும் மதுவைத் தடைசெய்த அமெரிக்கா, பதின்மூன்று ஆண்டுகளில் தோல்வியை ஒப்புக்கொண்டு 1933இல் அத்தடையை நீக்கிவிட்டிருந்தது. வல்லரசால் ஆகாததை ஒரு வறண்ட மாவட்டம் செய்யப் புறப்பட்டது. சென்னை மாகாணத்தின் வருவாயில் மதுவரியின் பங்கு மிகப் பெரியது. அந்த வருவாயை இழக்கத் துணிந்த அரசு, ஈடுசெய்யும் வழியாக 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. ஏழையின் குடியிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் பணம் எடுப்பதைவிட, எல்லோரும் வாங்கும் பொருளின்மீது சிறு வரி விதிப்பது நேர்மையானது என்பது அதன் உட்கருத்து.

விளைவு என்ன? சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் துறையினர் இம்மாவட்டத்திற்கு வந்து ஆராய்ந்தனர். குடித்துவந்த குடும்பங்களில் உணவும் உடையும் மேம்பட்டிருப்பதையும், கடன் வாங்குவது குறைந்திருப்பதையும் அவர்கள் கண்டனர். பல ஆண்டுகள் பழகிய ஒரு வழக்கம், பூட்டிய கதவின் முன் ஓரளவேனும் பின்வாங்கிற்று. 1938இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939இல் வடஆர்க்காடு மாவட்டத்திற்கும் சட்டம் விரிந்தது.

ஆனால் காவிரி ஒன்று இருந்தது. ஆற்றின் இக்கரையில் குமாரபாளையமும் பள்ளிபாளையமும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அக்கரையில் பவானியும் ஈரோடும் அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அங்கே மதுவிலக்கு இல்லை. இக்கரையில் சட்டம், அக்கரையில் கடை. ஒருவன் குடியை விட்டானா, அல்லது கடைதான் அவனை விட்டுப் போயிற்றா என்பதைக் காட்டிக்கொடுக்கும் சோதனைக்களமாக அந்த ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு வாழ்நாளில் ஐந்து முறை

1939 அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியது. போர்க்காலத்தில் ஆளுநரின் ஆட்சி நடந்தபோது, 1943-44ஆம் ஆண்டளவில் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. போருக்குப்பின் 1946 முதல் மீண்டும் படிப்படியாகக் கொண்டுவரப்பட்டு, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது, 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. 1971 ஆகஸ்டு இறுதியில் கலைஞர் மு. கருணாநிதியின் அரசு மதுவிலக்கை ஒத்திவைத்தது. வேண்டாம் என்று மன்றாடியவர்களுள் 92 வயது இராஜாஜியும் ஒருவர். அடுத்த ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா நாளன்று அவர் மறைந்தார். 1973-74இல் அதே அரசு கடைகளை மீண்டும் மூடியது. 1981இல் எம்.ஜி.ஆர். அரசு மீண்டும் திறந்தது; 1983இல் மதுவின் மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1987இல் கள்ளும் சாராயமும் தடைசெய்யப்பட்டன. 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசே ஏற்றுக்கொண்டது.

இந்த ஆண்டுகளை வெறும் பட்டியலாகப் பார்க்காமல், ஒரு மனிதரின் வாழ்நாளில் பொருத்திப் பார்ப்போம். 1917இல் பிறந்த ஒரு கைத்தறி நெசவாளரைக் கற்பனை செய்துகொள்ளலாம். இராசிபுரத்திலோ இளம்பிள்ளையிலோ அப்படி ஒருவர் இருந்திருக்கக்கூடும். கடை முதன்முறை மூடும்போது அவருக்கு வயது 20. போர்க்காலத்தில் கடை திறக்கும்போது 26 அல்லது 27. மாகாணம் முழுவதும் மூடும்போது 31. மீண்டும் திறக்கும்போது 54. மூடும்போது 57. மறுபடி திறக்கும்போது 64. அவருடைய வளர்ச்சியின் கணக்கு, அவர் கையெழுத்திடாத அரசாணைகளோடு சேர்ந்து ஐந்து முறை திரும்பியிருக்கிறது.

இப்போது அவருடைய மகனை எண்ணுவோம். 1948க்கும் 1971க்கும் இடையே 23 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் வளர்ந்த ஓர் இளைஞன், அரசின் அனுமதி பெற்ற மதுக்கடையைத் தன் ஊரில் பார்த்ததே இல்லை. கடை திறந்த அன்று அவனும் வரிசையில் நின்றான் என்றால், அவன் பின்னோக்கிச் சென்றான் என்று கூறலாமா? கூற முடியாது. தான் ஏறாத படியிலிருந்து ஒருவன் இறங்க முடியாது. அவனுடைய குடியாமை ஊரைச் சுற்றியிருந்த மதிலின் பண்பு. அவன் உள்ளத்தின் பண்பாக அது மாறியிருக்கவில்லை.

இதனால் மதில் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த 23 ஆண்டுகளில் அடி வாங்காமல் உறங்கிய தாய்மார்களும், பசியோடு பள்ளிக்குப் போகாத பிள்ளைகளும் எத்தனையோ பேர். அவர்களுக்கு மதில் செய்த நன்மை உண்மையானது. அதே மதிலின் நிழலில் கள்ளச்சாராயம் காய்ச்சப்பட்டதும் உண்மையே. ஆனால் மதிலுக்குள் வாழ்வது ஒன்று, வளர்வது மற்றொன்று. இரண்டையும் ஒன்றென நினைத்ததால்தான், மதில் இடிந்தபோது மக்கள் கெட்டுவிட்டார்கள் என்று நாம் மலைத்து நின்றோம்.

இங்கே லூக்கா நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறிய ஓர் உவமை நினைவுக்கு வருகிறது. ஒரு மனிதனை விட்டு வெளியேறிய தீய ஆவி வறண்ட இடங்களில் அலைந்து, இளைப்பாற இடமின்றித் திரும்பி வருகிறது. வந்து பார்த்தால், வீடு பெருக்கி அழகுபடுத்தப்பட்டிருக்கிறது. ஆனால் உள்ளே யாரும் குடியேறவில்லை. அது தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளை அழைத்துக்கொண்டு வந்து நுழைகிறது. அம்மனிதனின் பின்நிலை முன்நிலையிலும் கேடானதாகிறது. உள்வளர்ச்சியில் பின்னடைவு உண்டா என்று கேட்பவர்க்கு நற்செய்தி தரும் விடை ஒளிவுமறைவற்றது: உண்டு, முன்னிலும் கேடாகவும் ஆகலாம். அதற்கான காரணத்தையும் உவமை சொல்லிவிடுகிறது. வீடு பெருக்கப்பட்டது, நிரப்பப்படவில்லை.

கார்க் நகரத்துத் துறவியும் டப்ளின் நகரத்துத் தொழிலாளியும்

சட்டம் வெளியிலிருந்து வருவது, அதனால் நிலைக்கவில்லை. உள்ளிருந்து வரும் உறுதிமொழியாக இருந்தால் நிலைத்திருக்கும் என்று சிலர் நினைக்கலாம். அதற்கும் வரலாறு ஓர் எச்சரிக்கை வைத்திருக்கிறது.

அயர்லாந்தின் கார்க் நகரில், 1838 ஏப்ரல் 10ஆம் நாள், தியோபால்டு மாத்யூ என்னும் கப்புச்சின் சபைத் துறவி மதுவை முற்றிலும் துறக்கும் உறுதிமொழியில் கையெழுத்திட்டார். சட்டமில்லை, காவலில்லை, தண்டனையில்லை. மக்கள் தாமாக வந்து முழங்காற்படியிட்டு உறுதிமொழி எடுத்தனர். சில ஆண்டுகளுக்குள் பல இலட்சம் பேர் அவ்வாறு செய்தனர். பின்பு 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. பெரும் பஞ்சம் தொடர்ந்தது. மக்கள் மாண்டனர், கப்பலேறினர், எஞ்சியோர் நொறுங்கிப்போயினர். இயக்கம் தளர்ந்தது. 1856இல் தந்தை மாத்யூ இறந்தபோது, அவர் எழுப்பிய அலை பெரும்பாலும் அடங்கியிருந்தது. மனமுவந்து எடுத்த உறுதிமொழியும், கூட்டத்தின் எழுச்சியில் எடுத்து, கூட்டம் கலைந்தபின் தாங்குவார் இன்றிப் போனால், வெறுமையான வீடாகவே ஆகிவிடுகிறது.

அதே 1856இல் டப்ளின் நகரின் ஓர் ஏழைக் குடும்பத்தில் மாட் டால்பட் பிறந்தார். சிறுவனாக மது வணிகரிடம் வேலைக்குச் சேர்ந்த இடத்திலேயே குடிக்கப் பழகியவர். கூலியெல்லாம் குடியில் போயிற்று. 1884இல் ஒரு நாள், கையில் காசில்லாமல் மதுக்கடை வாசலில் நின்றார். தம்மோடு குடித்தவர்கள் கடந்து சென்றனர். ஒருவரும் அவரை உள்ளே அழைக்கவில்லை. அவர் வீடு திரும்பி, குடியைத் துறக்கப் போவதாகத் தாயிடம் சொன்னார். அவர் எடுத்த உறுதிமொழி எவ்வளவு காலத்திற்குத் தெரியுமா? மூன்று மாதங்களுக்கு மட்டும். அது நிறைவேறியதும் அதை நீட்டித்தார். பின்னர்த்தான் வாழ்நாள் முழுவதற்கும் என்றார். 1925 ஜூன் 7ஆம் நாள், திருப்பலிக்குச் செல்லும் வழியில் தெருவில் விழுந்து உயிர் துறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் மீண்டும் குடிக்கவில்லை. திருச்சபை 1975இல் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது.

மாட் டால்பட் இரண்டு செயல்களைச் சேர்த்துச் செய்தார். வீட்டை நிரப்பினார்: நாள்தோறும் திருப்பலி, செபம், வாசிப்பு, பழைய கடன்களை அடைத்தல், தம்மினும் எளியோர்க்கு ஈதல். அத்தோடு தமக்கென ஒரு மதிலையும் எழுப்பிக்கொண்டார்: வெளியே போகும்போது பையில் காசு வைத்துக்கொள்வதில்லை. தம் உறுதியைத் தாமே முழுதும் நம்பிவிடாத தாழ்ச்சி அது. சேலத்தின் கதையில் மதில் இருந்தது, உள்நிறைவு எல்லோரையும் எட்டவில்லை. கார்க் நகரின் கதையில் உள்ளெழுச்சி இருந்தது, மதிலும் துணையும் நீடிக்கவில்லை. டப்ளின் நகரத்துத் தொழிலாளியின் வாழ்வில் இரண்டும் ஒன்றையொன்று தாங்கின.

தூர்ந்த கிணறு

ஆனால் எல்லோருக்கும் மாட் டால்பட்டைப்போல் முதல் முயற்சியே நிலைத்துவிடுவதில்லை. உண்மையாகவே வளர்ந்து, உண்மையாகவே வீழ்பவர்கள் உண்டு. அவர்களைப்பற்றி என்ன சொல்வது?

நம் சமவெளியில் வேளாண்மை பெரும்பாலும் கிணற்றை நம்பியது. ஆற்றுப் பாய்ச்சல் எட்டாத இடங்களில் நம் முன்னோர் பாறையை உடைத்துக் கிணறு வெட்டினர். சில ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் கரை சரியும்; மண் விழும்; முள் முளைக்கும்; கிணறு தூர்ந்துபோகும். தண்ணீர் எடுக்க முடியாதது என்ற அளவில், தூர்ந்த கிணறும் வெட்டாத நிலமும் ஒன்றுதான். ஆனால் எந்த உழவரும் இரண்டையும் ஒன்றாக எண்ணமாட்டார். தூர்ந்த கிணற்றில் பாறை முன்பே உடைக்கப்பட்டுவிட்டது. ஊற்று எங்கே இருக்கிறது என்பது தெரியும். வேண்டியது தூர் வாருதல். அதுவும் கடும் உழைப்புத்தான். எனினும் அது முதலிலிருந்து தொடங்குவது ஆகாது.

மனிதனின் பின்னடைவும் இத்தகையதே. அது பொய்யல்ல, சிறியதுமல்ல. ஆனால் அது பழைய இடத்திற்கே திரும்புவது ஆகாது. நாற்பது நாள் குடியாமல் இருந்தவர், குடியாத காலையில் தலை எப்படி இருக்கும் என்பதை அறிந்தவர். தம் குழந்தை வாசலுக்கு ஓடி வருவதைக் கண்டவர். மறுபடி விழுந்தாலும், அந்த அறிவை அவர் இழப்பதில்லை. சில நேரங்களில் அந்த அறிவே அவரை அதிகமாக வதைக்கிறது. வெட்கத்தில் மேலும் குடிக்கச் செய்கிறது. ஆனால் வெட்கம் எழுவதும் ஊற்று வற்றவில்லை என்பதற்கு அடையாளம்தானே?

குடிநோயை ஆராய்ந்தவர்களும் இதற்கு மாறாகச் சொல்லவில்லை. நீரிழிவு, இரத்த அழுத்தம் போல் நீண்டகாலம் கவனித்து வரவேண்டிய நோய் என்றே இன்றைய மருத்துவம் அதைக் காண்கிறது. மீண்டும் விழுதல் அந்நோயின் போக்கில் அடிக்கடி நேர்வது. விழுந்தவர் பெரும்பாலும் முதற்படிக்கே போய்விடுவதில்லை. முன்னைய முயற்சியில் கற்றதோடுதான் அடுத்த முயற்சிக்கு வருகிறார் என்று மனமாற்றத்தின் படிநிலைகளை ஆராய்ந்த உளவியலாளர்கள் கூறியுள்ளனர். உலகெங்கும் பரவியுள்ள 'ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் குடிநோயாளர் தோழமை, தன் பிறந்தநாளாக 1935 ஜூன் 10ஐக் கொண்டாடுகிறது. அந்நாளின் பின்னணி வியப்பூட்டுவது. அதன் இரு நிறுவனர்களுள் ஒருவரான மருத்துவர் பாப் ஸ்மித், பில் வில்சனைச் சந்தித்துக் குடியை விட்டபின், ஒரு மருத்துவ மாநாட்டுக்குச் சென்ற இடத்தில் மறுபடியும் விழுந்துவிட்டார். அவ்வீழ்ச்சியிலிருந்து எழுந்து, கடைசியாகக் குடித்த நாளாக மரபில் குறிக்கப்படுவதே ஜூன் 10. கோடிக்கணக்கானோர்க்குத் துணைநின்ற ஓர் இயக்கம், ஒரு பின்னடைவின் மறுகரையிலிருந்து தன் வயதைக் கணக்கிடுகிறது.

நம் திருச்சபையின் தொடக்கமும் வேறு வகையானதன்று. பேதுரு ஆண்டவரை மறுதலித்தது நாம் அனைவரும் அறிந்தது. தூய ஆவியைப் பெற்றபின்னும் அவர் பின்வாங்கிய நிகழ்ச்சி ஒன்றை நாம் அவ்வளவாக எண்ணிப்பார்ப்பதில்லை. கொர்னேலியுவின் வீட்டில், எந்த மனிதரையும் தீட்டுள்ளவர் எனக் கருதலாகாது என்று அவர் கற்றுக்கொண்டார். திருத்தூதர் பணிகள் நூல் அதை விரிவாகக் கூறுகிறது. ஆனால் பின்னொரு நாள் அந்தியோக்கியாவில், எருசலேமிலிருந்து சிலர் வந்தபோது, அவர்களுக்கு அஞ்சி, பிற இனத்துச் சகோதரரோடு உண்பதை நிறுத்திக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்ததைக் கலாத்தியர் திருமுகத்தில் படிக்கிறோம். கற்ற பாடத்தை மறந்தவர் வேறு யாருமல்லர். பாறை என்று பெயர் பெற்றவரே. திருச்சபை அந்நிகழ்ச்சியை மறைக்கவில்லை. திருநூலிலேயே வைத்துக் காக்கிறது. அதன் பொருட்டுப் பேதுருவின் இடத்தை வேறொருவர்க்குக் கொடுத்துவிடவுமில்லை.

மண் மறக்கவில்லை

சேலம் மாவட்டத்தின் கதைக்குத் திரும்புவோம். 1937இல் முதன்முதல் மாலை அணிந்த இம்மண், இன்று மாநிலத்தின் பிற மாவட்டங்களைப் போலவே கடைகளோடு வாழ்கிறது. அண்டை மாவட்டமான கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் நச்சுச் சாராயம் 60க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அனுமதி பெற்ற கடைகள் இருக்கும்போதே அது நிகழ்ந்தது. அப்படியானால், அந்த அக்டோபர் முதல் நாள் முற்றிலும் வீணாயிற்றா?

இளம்பிள்ளையை அடுத்த இடங்கணசாலையைச் சேர்ந்தவர் காந்தியவாதி சசிபெருமாள். முழு மதுவிலக்கைக் கேட்டு ஆண்டுக்கணக்கில் உண்ணாநோன்பும் நடைப்பயணமும் மேற்கொண்டவர். 2015 ஜூலை 31ஆம் நாள், குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்தை அடுத்த உண்ணாமலைக்கடையில், வழிபாட்டிடத்திற்கும் பள்ளிக்கும் அருகே இருந்த ஒரு மதுக்கடையை அகற்றக் கோரி, அலைபேசிக் கோபுரத்தின்மீது ஏறிப் போராடியபோது அவர் உயிரிழந்தார். போராட்ட முறையைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் மதுவிலக்கு முதலில் வேர்விட்ட மாவட்டத்திலிருந்துதான் அம்மனிதர் புறப்பட்டார் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். அரசுகள் கடையைத் திறந்தன, மூடின, மீண்டும் திறந்தன. அந்தப் பின்னடைவுகளுக்கு நடுவிலும், வேறொரு வாழ்வு இங்கே நடந்தது என்ற நினைவு யாரோ சிலரிடம் ஊறிக்கொண்டிருந்தது. கிணறு தூர்ந்தது, ஊற்று தூரவில்லை.

இப்போது நம் பங்குகளையும் வீடுகளையும் பற்றிச் சில சொற்கள். தவக்காலத்தில் குடியை விட்டு, உயிர்ப்பு விழா முடிந்ததும் விழுகின்றவரைப் பார்த்து நாம் என்ன சொல்கிறோம்? "எனக்குத் தெரியும், இது எத்தனை நாளைக்கு?" என்கிறோம். திருமண வீட்டில் நாமே அவர் கையில் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, மறுநாள் அவரைப் பழிக்கிறோம். அவர் விட்டிருந்த நாள்களில், மாலை வேளையை எதைக் கொண்டு நிரப்பினார் என்று நாம் கேட்டதில்லை. அன்பியக் கூட்டத்திற்கு அழைத்தோமா? கோயில் வேலையில் ஒரு பொறுப்பைக் கொடுத்தோமா? குறைந்தது, ஒரு தேநீருக்காவது கூப்பிட்டோமா? வீட்டைப் பெருக்கி வைத்தவர் அவர். அதில் குடியேற வேண்டியவர்கள் நாமல்லவா?

விழுந்தவர்க்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமையை நாம் எடுத்துக்கொள்ளும்போது, அவருடைய பின்னடைவை நாமே முழுமையாக்கி விடுகிறோம். ஒரு நாள் சறுக்கலாக இருந்தது, "நீ மாறவேமாட்டாய்" என்ற ஒரு சொல்லால் ஒரு வாழ்வின் முடிவாகிவிடுகிறது. குடும்பத்தின் பாதுகாப்பும் மனைவியின் மதிப்பும் விட்டுக்கொடுக்கக் கூடியவை அல்ல. அடிக்கும் கைக்கு அணைபோடத்தான் வேண்டும். மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும் வேண்டும். ஆனால் கதவை வெளியிலிருந்து தாழிட்டுவிடுவது வேறு. ஒப்புரவு அருட்சாதனத்தைத் திருச்சபை வாழ்நாளில் ஒருமுறை மட்டும் பெறத்தக்கதாக வைக்கவில்லை. அதே பாவத்தோடு, அதே மனிதர், அதே இடத்திற்கு எத்தனை முறை வந்தாலும் வரலாம் என்று வைத்திருக்கிறது. மனிதர் பின்னோக்கிச் செல்வார் என்பதை அறிந்த ஒரு தாயின் ஏற்பாடு அது.

ஆகவே, வரும் பருவத்தில் நம் தெருவில் ஒருவர் மாலையைக் கழற்றிய அன்றே தடுமாறி வீடு திரும்பினால், அவருடைய நாற்பது நாள்களை நாம் அழித்துவிட வேண்டாம். மறுநாள் காலையில், அவர் தெளிந்திருக்கும் நேரம் பார்த்து, அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவோம். வாழ்நாள் முழுவதற்கும் உறுதிமொழி கேட்க வேண்டாம். "அண்ணா, மூன்று மாதம் பார்ப்போமா? சாயங்காலம் நான் வருகிறேன்" என்று கேட்போம். கேட்டபடி மாலையில் போகவும் செய்வோம்.